எண்ணிட்ட வண்டியும் எண்ணிப் பாராத செலவும்

சென்ற மாதம் டயகமவுக்குப் போயிருந்தேன். கொழும்பில் வேலை பார்க்கும் அண்ணன் மகனும் விடுமுறையில் வந்திருந்தான். லயக்காம்பராவில் பிறந்து, படித்து முன்னுக்கு வந்த பிள்ளை. கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினான். பந்தய வண்டித் தோற்றத்தில் ஒரு மோட்டார் சைக்கிள். குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் தயாரிக்கப்பட்ட சிறப்புப் பதிப்பு. ஒவ்வொரு வண்டியிலும் வரிசை எண் பொறித்திருக்கிறார்களாம்.

"சித்தப்பா, உலகத்துலயே இது கொஞ்சம்தான் இருக்கு. இப்ப வாங்கி வச்சா பின்னாடி ரெண்டு மடங்குக்கு விக்கலாம்" என்றான்.

சேமிப்பு முழுவதையும் போட்டு, மிகுதிக்கு லீசிங் எடுப்பது அவனுடைய திட்டம். அண்ணன் வாய் திறக்கவில்லை. அண்ணிதான், "நீங்களாவது சொல்லுங்க தம்பி" என்றார். அன்று என்னால் ஒழுங்காகப் பதில் சொல்ல முடியவில்லை. யோசித்தபின் இங்கே எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். 'தோட்டத்துப் பிள்ளைக்கு எதற்கு இந்த ஆசை' என்று கேட்போருடன் எனக்கு உடன்பாடில்லை. தலவாக்கலையிலிருந்து அக்கரப்பத்தனை வழியாக டயகம வரும் பாதையில், பழைய ஹொண்டா ஒன்றில் நனைந்தபடி செய்தி சேகரித்தவன் நான். மோட்டார் சைக்கிள் மீதான ஆசை எனக்கும் தெரியும். ஆனால் இவன் கேட்டது ஆசை பற்றியல்ல, முதலீடு பற்றி. அதற்குரிய கணக்கைப் பார்க்கத்தான் வேண்டும்.

எண்ணிக்கையை வரையறுத்து வண்டி செய்வதற்கு ஒரு காலத்தில் நியாயமான காரணம் இருந்தது. 1988இல் உலக சுப்பர்பைக் போட்டி தொடங்கியபோது, பந்தயத்தில் ஓடும் வண்டி பொதுமக்களுக்கும் குறிப்பிட்ட எண்ணிக்கையில் விற்கப்பட்டதாக இருக்க வேண்டும் என்பது விதி. அதற்காகவே ஹொண்டா நிறுவனம் ஆர்சி 30 என்ற வண்டியை உருவாக்கியது. முதல் இரண்டு ஆண்டுகளும் பட்டம் வென்றது அந்த வண்டிதான். பின்னர் டுகாட்டி, தனது மோட்டோ ஜிபி பந்தய வண்டியைத் தழுவிய டெஸ்மோசெடிச்சி ஆர்ஆர் வண்டியை 1,500 மட்டுமே செய்தது. இவற்றில் பந்தயத் தொழில்நுட்பம் உள்ளேயே இருந்தது.

எல்லாச் சிறப்புப் பதிப்பும் அப்படியல்ல. சென்னையில் தயாராகும் ரோயல் என்பீல்ட், 2018 மே மாதத்தில் 'கிளாசிக் 500 பெகாசஸ்' என்ற பதிப்பை வெளியிட்டது. இரண்டாம் உலகப் போரில் பரசூட் மூலம் இறக்கப்பட்ட சிறிய மோட்டார் சைக்கிளின் நினைவாக வந்தது அது. உலகம் முழுவதற்கும் 1,000 வண்டிகள், அவற்றில் இந்தியாவுக்கு 250. ஜூலையில் இந்தியாவுக்கான அந்த 250 வண்டிகளும் இணையத்தில் 178 வினாடிகளில் விற்றுத் தீர்ந்தன. அடுத்த மாதமே அந்நிறுவனம், அதே இராணுவத் தோற்றத்தை ஒட்டி, குறைந்த விலையில் இன்னொரு வண்டியை வெளியிட்டது. அதில், இந்தியாவில் விற்ற பெகாசஸ் வண்டிகளுக்குக் கொடுக்காத ஏ.பி.எஸ். பிரேக்கும் இருந்தது. கோபமடைந்த உரிமையாளர்கள் சிலர் குப்பைத் தொட்டிகளுக்குப் பெகாசஸ் வர்ணம் பூசி எதிர்ப்பைக் காட்டினார்கள்.

அங்கே நிறுவனம் தன் எண்ணிக்கையை மீறவில்லை. 1,000 என்றது, 1,000தான் செய்தது. ஆனால் அதைப் போன்ற இன்னொன்றைச் செய்யமாட்டோம் என்று அது சொல்லவுமில்லை. வரிசை எண்ணுக்குப் பணம் கொடுப்பவர் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 1983இல் இந்தியாவில் எஸ்கோர்ட்ஸ் நிறுவனம் யமஹாவின் ஆர்டி 350 வண்டியை 'ராஜ்தூத் 350' என்ற பெயரில் கொண்டுவந்தது. விலை அதிகம், பெற்றோலும் அதிகம் குடிக்கும் என்று பலர் ஒதுக்கினார்கள். சில ஆண்டுகளில் உற்பத்தி நின்றது. இன்று அதைத் தேடி அலைகிறார்கள். கிரிக்கெட் வீரர் தோனியின் சேகரிப்பிலும் அது உண்டு. அந்த வண்டியை அரிதாக்கியது காலம். நிறுவனம் எந்த எண்ணையும் பொறிக்கவில்லை.

நம் நாட்டில் இன்னொரு மயக்கமும் சேர்ந்துகொண்டது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தடை முழுமையாக நீங்க 2025 ஆனது. இடையில் ஓடித் தேய்ந்த வண்டிகள்கூட வாங்கிய விலைக்கு மேல் விற்றன. வண்டி வாங்கினால் நட்டமில்லை என்ற எண்ணம் இளைஞர் மனதில் பதிந்தது அப்போதுதான். அது தட்டுப்பாடு கொடுத்த விலை. தட்டுப்பாடு நீங்கினால் அதை நம்பியிருக்க முடியாது. அதே காலத்தில், 2022இல், மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் பெற்றோலுக்காக வரிசையில் நின்றதையும் மறந்துவிடக் கூடாது.

வாங்கியபின் வரும் செலவு வேறு. சேகரிப்பு வண்டியை ஓட்டினால் மதிப்புக் குறையும். ஓட்டாமல் வைத்தால் பெட்டரி இறங்கும், டயர் இறுகும், தாங்கியில் பெற்றோல் கெடும். டயகமவின் பனியிலும் ஈரத்திலும் துருவும் சேரும். சறுக்கி விழுந்து ஓர் உறை உடைந்தால், அந்தப் பதிப்பின் வர்ணத்தில் இன்னொன்று கிடைப்பது அரிது. இத்தனைக்கும் நடுவே லீசிங் தவணை மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும்.

ஆகவே வாங்க நினைப்பவர் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. எண்ணிக்கையை வரையறுத்ததற்கு வண்டியின் உள்ளே காரணம் இருக்கிறதா, வர்ணத்தில் மட்டுமா? உதிரிப்பாகம் எங்கே கிடைக்கும்? நாளை யாரும் கூடுதல் விலை தராவிட்டாலும் அது எனக்குப் பிடித்திருக்குமா? மூன்றாவதற்கு 'ஆம்' என்று சொல்லக்கூடியவர், கையிலுள்ள பணத்தில் தாராளமாக வாங்கலாம். கடன் எடுத்து வாங்குவதை என்னால் ஆதரிக்க முடியாது.

தோட்டத் தொழிலாளர் 2015 முதல் கேட்டுவந்த ஆயிரம் ரூபா நாட்சம்பளம் சட்டப்படி கிடைத்தது 2021இல்தான். அதற்கும் குறைந்த சம்பளத்தில் கொழுந்து பறித்து இவனைப் படிக்க வைத்தவர் அண்ணி. அந்தப் படிப்பால் வந்த சேமிப்பு இது. அண்ணன் மகனுக்கு நான் சொல்வது இதுதான்: மகன், கைக்காசில் ஒரு நல்ல வண்டி வாங்கு. அதில் எண் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த விடுமுறைக்கு அதிலேயே டயகமவுக்கு வா.