சினை நிற்காவிட்டால் பசு மட்டுமா பொறுப்பு?

மூன்று முறை சினை ஊசி போட்டும் நிற்கவில்லை என்றால் பசுவுக்கு மலடு என்ற பட்டம் கட்டிவிடுகிறார்கள். அடுத்த சந்தையில் வந்த விலைக்குத் தள்ளிவிடுவதும் நடக்கிறது. ஒரு பருவம் தவறினால் 21 நாள் தீவனம் வீண். ஒன்றிரண்டு மாடு வைத்துச் சங்கத்துக்குப் பால் ஊற்றும் குடும்பத்துக்கு இது தாங்கக்கூடிய நஷ்டமல்ல. இத்தனைக்கும் நடுவில், காளை எப்படி என்று ஒருவரும் கேட்பதில்லை.

கேட்க முடியாமல் போனதற்குக் காரணம் உண்டு. பொலிகாளை ஊரில் இருந்த காலத்தில் அது சோடை போனால் சில மாதங்களில் ஊருக்கே தெரிந்துவிடும். இப்போது காளை எங்கோ இருக்கிறது. அதன் விந்து உறைநிலையில் குச்சியில் அடைபட்டுப் பல மாவட்டங்களுக்குப் போகிறது. ஒரே காளையின் குச்சி ஆயிரக்கணக்கான பசுக்களுக்குப் பயன்படுகிறது. குறை அதனிடம் இருந்தாலும், அவரவர் தம் பசுவைத்தான் நொந்துகொள்கிறார்கள்.

உறைவிந்து நிலையங்களில் சோதனை இல்லாமல் இல்லை. ஒரு குச்சியில் 2 கோடி விந்தணு இருக்க வேண்டும், உருக்கிய பின் பாதியாவது ஓட்டத்துடன் இருக்க வேண்டும் என்பது நம் நாட்டு அளவுகோல். ஆனால் ஓடுகிற விந்தணு எல்லாம் சினைப்படுத்துகிற விந்தணு அல்ல. நுண்ணோக்கியில் ஒரே மாதிரி ஓடும் இரண்டு காளைகளின் விந்து, பசுக்களிடம் இரண்டு விதமான பலனைத் தருவது உண்டு. இந்த வேறுபாட்டின் ஒரு பகுதி புரதங்களில் இருக்கிறது.

காளையின் விதையில் விந்தணு உருவாகச் சுமார் 60 நாள் ஆகிறது. அங்கிருந்து வெளியேறிய விந்தணுவால் தனக்கு வேண்டிய புரதத்தைத் தானே செய்துகொள்ள இயலாது. கட்டுச்சோற்றுடன் புறப்பட்ட வழிப்போக்கன் போல, உள்ளே இருப்பதையும் வழியில் மேலே ஒட்டிக்கொள்வதையும் வைத்துத்தான் அது பிழைக்க வேண்டும். கருக்குழாயின் சுவரைப் பற்றிக்கொண்டு முட்டைக்காகக் காத்திருக்கச் சில புரதங்கள்; முட்டையுடன் ஒட்டச் சில; முட்டையைத் தூண்டிக் கருவாக வளரச் செய்ய வேறொன்று. பாரம்பரியப் பொருளை இறுகச் சுருட்டி வைப்பதும் ஒரு புரதமே. அந்தக் கட்டு தளர்ந்திருந்தால் சினை பிடித்தும் கரு தொடக்கத்திலேயே அழியக்கூடும்.

1993-இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் கில்லியன் குழுவினர், நன்கு சினைப்படுத்தும் ஹோல்ஸ்டீன் காளைகளின் விந்து நீரில் இரண்டு புரதங்கள் மிகுந்திருப்பதைக் கண்டார்கள். பலன் குறைந்த காளைகளில் வேறு இரண்டு மிகுந்திருந்தன. நல்ல காளைகளில் கண்டவற்றுள் ஒன்று, எலும்பிலும் காணப்படுகிற ஆஸ்டியோபான்டின். அதன் பிறகு வேறு பல புரதங்களும் பட்டியலில் சேர்ந்துவிட்டன. இந்த ஒன்றைப் பார்த்தால் போதும் என்று சொல்லும்படியான புரதம் எதுவும் இல்லை.

விந்து நீரின் புரதம் எல்லாமே நன்மை செய்யும் என்றும் எண்ண வேண்டாம். காளை விந்தில் மிகுதியாக உள்ள ஒரு வகைப் புரதம் விந்தணுவோடு நெடுநேரம் கிடந்தால் அதன் மேலுறையையே அரித்துவிடுகிறது. விந்தைப் பதப்படுத்தக் கோழி முட்டையின் மஞ்சள் கருவைச் சேர்ப்பது பழைய வழக்கம். மஞ்சள் கருவின் கொழுப்புப் பொருள் அந்தப் புரதத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது என்ற காரணம் வெகுகாலம் கழித்தே தெரிந்தது.

புரதச் சோதனை கிராமத்துக்கு வரும் வரை காத்திருக்கத் தேவையில்லை. காளையின் தரத்தைக் காட்டும் கணக்கு நம் கையிலேயே இருக்கிறது. மாட்டின் காதில் 12 இலக்க எண்ணுள்ள வில்லை மாட்டுகிறார்கள். குச்சியின் மேல் காளையின் எண் அச்சிட்டிருக்கிறது. எந்தக் காளையின் ஊசிக்கு எத்தனை பசு சினையானது என்று இந்த இரண்டையும் வைத்துக் கணக்கிட்டு, கால்நடை மருந்தகப் பலகையில் எழுதிப் போட வேண்டும். தொடர்ந்து பின்தங்கும் காளையை நிறுத்திவிட வேண்டும்.

ஊசி போடுபவரின் கைப்பழக்கம், கோடை, தாது உப்புக் குறைவு எல்லாம் சேர்ந்ததுதானே பலன், காளையை மட்டும் எப்படிக் குறை சொல்வது என்று அதிகாரிகள் கேட்கலாம். கேள்வி நியாயமானது. பத்துப் பசுக்களை வைத்துக் காளையை எடைபோட முடியாதுதான். பல ஊர்களில் பல்லாயிரம் பசுக்களின் கணக்கைச் சேர்த்துப் பார்க்கும்போது, ஒரு காளை மட்டும் எங்கும் பின்தங்கினால் அதை மறைக்க முடியாது.

ஆட்டுக்கிடா வைத்திருப்போருக்கும் ஒரு வார்த்தை. கிடாவுக்குக் கடும் காய்ச்சல் வந்தால் அதன் விளைவு அன்றே தெரியாது. விந்து கெட்டிருப்பது சில வாரம் கழித்தே மந்தையில் தெரியும். அதுவரை வேறு கிடாவை விடுவது நல்லது.

மாட்டுக்காரர் செய்யக்கூடியது சிறிய வேலைதான். காலையில் பருவம் கண்டால் மாலையிலும், மாலையில் கண்டால் மறுநாள் காலையிலும் ஊசி போட வேண்டும். போட்டு முடித்ததும் காலிக் குச்சியைக் கேட்டு வாங்கி, காளை எண்ணையும் தேதியையும் பால் சங்கப் புத்தகத்தின் பின்பக்கத்தில் குறித்துக்கொள்ளலாம். இரண்டு முறை நிற்காவிட்டால் டாக்டரிடம் பசுவைக் காட்டுவதோடு, அடுத்த முறை வேறு காளையின் குச்சியைக் கேட்க வேண்டும்.