மனப்பாட விடைகளை இனி நாங்கள் எழுதித் தருவதில்லை
ஆசிரியர் பயிற்சி நேர்காணலின் ஐரிஷ் பகுதி குறித்து எங்கள் நிலைப்பாடு

அயர்லாந்தில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக விரும்பும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு எங்கள் குழு வழிகாட்டி வருகிறது. எங்களிடம் வருபவர்கள் முதலில் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "ஐரிஷ்ல என்ன கேப்பாங்க? பதில் எழுதிக் குடுப்பீங்களா?" இதுவரை எழுதிக் கொடுத்தோம். இனிமேல் இல்லை. ஏன் என்று சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். நேர்காணலில் ஐரிஷ் பகுதி தேவையா என்று எங்கள் வீடுகளுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருக்கும் சண்டையிலும் எங்கள் பக்கத்தைச் சொல்லிவிடுகிறோம்: அது இருக்கத்தான் வேண்டும்.

பள்ளி முடித்த கையோடு 4 ஆண்டு பி.எட். சேர்பவர்களுக்கு லீவிங் சர்ட் என்னும் பள்ளி இறுதித் தேர்வின் புள்ளிகளே பெரும்பாலும் கதவைத் திறக்கின்றன. வேறு பட்டம் முடித்துவிட்டு, 2 ஆண்டு பி.எம்.இ. முதுநிலைப் பயிற்சிக்கு வருபவர்கள்தான் நேர்காணலைச் சந்திக்கிறார்கள். மரீனோ, மேரி இமாக்குலேட், டப்ளின் சிட்டி பல்கலைக்கழகம், மேனூத், ஹைபர்னியா என்று கல்லூரிகள் பல. நடைமுறை ஒவ்வொன்றிலும் சற்று மாறும். ஆனால் உட்கார்ந்து ஐரிஷில் பேசியாக வேண்டிய நேரத்தை எங்கேயும் தவிர்க்க முடியாது.

இதைத் தேவையற்ற தடை என்கிறவர்கள் எங்களிடையே உண்டு. "பாடம் நடத்தப்போவது இங்கிலீஷ்ல, அப்புறம் எதுக்கு?" என்பது அவர்கள் கேள்வி. தொடக்கப்பள்ளியைப் பொறுத்தவரை இந்தக் கேள்வி நிற்காது. இங்கே கணக்கையும் வரலாற்றையும் ஓவியத்தையும் ஐரிஷையும் ஒரே வகுப்பாசிரியர்தான் கற்பிக்கிறார். ஐரிஷுக்கென்று தனி ஆசிரியர் வந்து போவதில்லை. 5 வயதுக் குழந்தை அந்த மொழியை முதன்முதலில் கேட்பது பெரும்பாலும் அந்த ஒருவரின் வாயிலிருந்துதான். அவர் தடுமாறினால் முப்பது பிள்ளைகள் தடுமாறுவார்கள்.

சட்டத்திலும் இதற்கொரு பழைய வழக்கு இருக்கிறது. அனிட்டா குரோனர் என்ற டச்சு ஓவியர் டப்ளின் கல்லூரி ஒன்றில் ஓவியம் கற்பித்துவந்தார். நிரந்தரப் பணிக்கு விண்ணப்பித்தபோது ஐரிஷ் வாய்மொழித் தேர்வில் தேறவில்லை, பணி கிடைக்கவில்லை. வகுப்பு நடந்ததோ ஆங்கிலத்தில். வழக்கு லக்ஸம்பர்கிலுள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. தேசிய மொழியை வளர்க்கும் கொள்கையின் பகுதியாக அப்படியொரு நிபந்தனை வைக்கலாம், ஆனால் அது அளவுக்கு மீறாமலும் பாகுபாடு இல்லாமலும் இருக்க வேண்டும் என்று 1989 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஓவிய ஆசிரியருக்கே செல்லும் என்றால், ஐரிஷையே கற்பிக்கப்போகும் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குச் செல்லாதா? அதே சமயம், தீர்ப்பின் இரண்டாவது பாதியையும் நாங்கள் மறக்கவில்லை. பிறகு அதற்கு வருகிறோம்.

மனப்பாடத்தை ஏன் கைவிடுகிறோம் என்பதற்கு வருவோம். 2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 3 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 18,73,997 பேர் தங்களுக்கு ஐரிஷ் பேசத் தெரியும் என்று சொன்னார்கள். நூற்றுக்கு 40 பேர். பள்ளிக்கு வெளியே நாள்தோறும் பேசுபவர்கள் 71,968 பேர் மட்டுமே. பேசத் தெரியும் என்றவர்களிலேயே பாதிக்கு மேற்பட்டவர்கள் 'அவ்வளவு நன்றாக இல்லை' என்ற கட்டத்தைத்தான் குறித்தார்கள். பள்ளியில் ஆண்டுக்கணக்கில் படித்த மொழி வீதிக்கு வராமலே போயிருக்கிறது. கழிப்பறைக்குப் போக அனுமதி கேட்கும் ஒரு வாக்கியம்தான் மிஞ்சியது என்று ஐரிஷ்காரர்களே தங்களைக் கேலி செய்துகொள்வார்கள். மனப்பாடம் செய்து தேர்வைத் தாண்டும் பழக்கத்துக்கு இதில் பெரிய பங்கு உண்டு என்பது எங்கள் கருத்து. லீவிங் சர்ட் ஐரிஷில் வாய்மொழித் தேர்வுக்கான பங்கை 2012இல் 40 சதவீதமாக உயர்த்தினார்கள். பேச்சு வளரட்டும் என்பது நோக்கம். வளர்ந்ததோ, தேர்வில் விவரிக்க வேண்டிய படத்தொடர்களுக்கான விடைகளை முன்கூட்டியே எழுதி உருப்போட்டு ஒப்பிக்கும் கலை. அந்தக் கலைக்கு நாங்களும் உடந்தையாக இருந்திருக்கிறோம்.

ஒரு மாலை நடந்ததைச் சொல்ல வேண்டும். பயிற்சி நேர்காணல். எதிரில் இருந்த பெண் தன் கேல்டாக்ட் பயணத்தைப் பற்றி ஒரு பத்தியை மணிமணியாகச் சொன்னார். கேல்டாக்ட் என்பது ஐரிஷ் இன்னும் வீட்டு மொழியாக இருக்கும் பகுதி. கடல், மழை, நடனம், சாப்பாடு எல்லாம் வரிசையாக வந்தன. எங்களவர் ஒருவர் இடையில், "உங்களோடு யார் வந்தார்கள்?" என்று ஐரிஷில் கேட்டார். பெண் திகைத்து, ஒரு கணம் நிறுத்தி, அதே பத்தியை முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கிவிட்டார். அந்தப் பத்தியை எழுதிக் கொடுத்தது நாங்கள்.

எனவே இனி தயாரிப்பு வேறு மாதிரி. தமிழ்ப் பிள்ளைகளுக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. அதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. ஐரிஷில் 'யெஸ்', 'நோ' என்பதற்கு நேரான சொல் கிடையாது. 'அன் டிகன் தூ' என்று கேட்டால் 'திகிம்' என்பார்கள். "புரியுதா?" என்றால் "புரியுது" என்று வினையையே திருப்பிச் சொல்வது நமக்குப் புதிதா? 'வைத்திருக்கிறேன்' என்பதற்கு ஆங்கிலத்தில் உள்ளதுபோன்ற தனி வினையும் ஐரிஷில் இல்லை. 'தா கார் அகம்' என்றால் 'என்னிடம் கார் இருக்கிறது'. அந்த 'அகம்' அச்சொட்டாக நம் 'என்னிடம்'. பசியைச் சொல்ல 'தா உக்ரஸ் உரம்', அதாவது பசி என்மேல் இருக்கிறது. 'எனக்குப் பசிக்கிறது' என்று வளர்ந்த பிள்ளைக்கு இது எளிதாகப் பிடிபடும். ஆங்கிலத்தில் யோசித்து அங்கிருந்து ஐரிஷுக்குப் போகும் பிள்ளைதான் இந்த இடங்களில் இடறுகிறது. நம் பிள்ளைகள் வீட்டுத் தமிழிலிருந்து நேரே போகட்டும்.

வசதி இருக்கும் இடத்தில் வழுக்கலும் உண்டு. 'நான் ஆசிரியர்' என்று வினையில்லாமல் சொல்லும் பழக்கம் ஐரிஷில் கைகொடுக்காது. 'இஸ் மூன்ச்சோர் மே' என்று சொல்ல வேண்டியதை 'தா மே மூன்ச்சோர்' என்று சொல்லிவிடுகிறார்கள். ஆசிரியர் வேலைக்கான நேர்காணலில் 'நான் ஆசிரியர்' என்பதையே பிழையாகச் சொன்னால் எப்படி இருக்கும்! நம் புணர்ச்சியில் சொற்கள் சேரும் இடத்தில் ஒற்று மிகும். ஐரிஷிலோ சொல்லின் தலையே மாறும். பெண் என்பதற்கு 'பான்', அந்தப் பெண் என்றால் 'அன் வான்'. இதை விதியாகப் படித்தால் எரிச்சல்தான் மிஞ்சும். காதால் பழகினால் நாளடைவில் தானாக வரும்.

எல்லோரும் அஞ்சுவது நிபந்தனை வினையைத்தான். ஐரிஷ் மாணவர்களுக்கே அது பேய்க்கதை. ஆனால் நேர்காணலுக்கு வருபவரிடம் இயல்பாகக் கேட்கத் தோன்றும் கேள்விகள் அதில்தான் அமைகின்றன: ஒரு பிள்ளை பாடத்தைக் கவனிக்க மறுத்தால் என்ன செய்வீர்கள்? நீங்கள் தலைமை ஆசிரியராக இருந்தால் எதை மாற்றுவீர்கள்? எழுதிவைத்த விடை உடைவதும் இங்கேதான். ஆகவே எங்கள் பயிற்சியில் பாதி நேரம் இந்த ஒரு வினை வடிவத்துக்கே போகும்.

புரியாதபோது என்ன செய்வது என்பதையும் கற்பிப்போம். 'அபர் அரீஷ் ஏ, மாஷ் ஏ டு ஹல் ஏ'. தயவுசெய்து மறுபடி சொல்லுங்கள் என்று பொருள். நிறையப் பேர் இதைச் சொன்னால் மதிப்பெண் போய்விடும் என்று நினைத்து, புரியாத கேள்விக்குப் புரிந்த பதிலைச் சொல்கிறார்கள்.

காது பழகுவதற்கு வழி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ரேடியோ நா கேல்டாக்டா 1972 முதல் ஒலிக்கிறது. ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியான டிஜி4 1996இல் வந்தது. 1893இல் தொடங்கிய கான்ரா நா கேல்கெ என்ற மொழி அமைப்பு இன்றும் மாலை வகுப்புகள் நடத்துகிறது. கேல்டாக்ட் பகுதியான கானமாராவுக்குப் போகப் பணமும் விடுப்பும் இல்லையென்றால், டப்ளினிலிருந்து ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலான தொலைவில் மீத் மாவட்டத்தில் ரா ஹார்ன் என்ற கேல்டாக்ட் ஊர் இருக்கிறது. 1935இல் கானமாராக் குடும்பங்களை அங்கே நிலம் கொடுத்துக் குடியமர்த்தினார்கள்; அந்தக் குடும்பங்கள் தங்கள் பேச்சையும் கூடவே கொண்டுவந்தன. மொழியைச் சுமந்துகொண்டு வேறு மண்ணில் குடியேறியவர்களின் கதை நமக்கு விளங்காததல்ல.

இனி கல்லூரிகளிடம். 'எப்படி இருக்கிறீர்கள்' என்பதையே மன்ஸ்டரில் 'கோனஸ் தா தூ', கானக்டில் 'கே ஹீ வில் தூ', அல்ஸ்டரில் 'கஜே மர் அதா தூ' என்கிறார்கள். மன்ஸ்டரின் கோர்க்கில் படித்த பிள்ளையிடம் அல்ஸ்டரின் டோனிகால் பேச்சில் கேள்வி கேட்டுவிட்டு, விழிப்பதை மொழியறிவின்மை என்று எழுதக் கூடாது. எங்கள் பிள்ளைகளின் உச்சரிப்பில் தமிழ் ஒலிக்கும். அது பிழையல்ல, ஒலி. எதற்கு எவ்வளவு மதிப்பெண் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே வெளியிட வேண்டும். தேறாதவருக்கு எந்த இடத்தில் விழுந்தார் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். 1989 தீர்ப்பு 'அளவுக்கு மீறாமல்' என்றதை நாங்கள் இப்படித்தான் படிக்கிறோம்.

கடைசியாக ஒன்று. இது நேர்காணலுக்குப் பல ஆண்டுகள் முன்பே நடந்துவிடுகிறது. எங்களை அதிகம் வருத்துவதும் இதுதான். 12 வயதுக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து வந்து பள்ளியில் சேரும் பிள்ளைக்கு ஐரிஷ் படிப்பதிலிருந்து விலக்குப் பெற வழியுண்டு. செவிலியர் வேலைக்கு வந்த அம்மாவோ, ஐ.டி. வேலைக்கு வந்த அப்பாவோ, ஒரு பாடச் சுமை குறைந்தது என்று நிம்மதியாக அதை வாங்கிவிடுகிறார்கள். அந்தப் பிள்ளை 17 வயதில் தொடக்கப்பள்ளி ஆசிரியராக ஆசைப்பட்டால், லீவிங் சர்ட் ஐரிஷ் உயர்நிலைத் தாளில் எச்4, அதாவது 60 சதவீதம், கேட்பார்கள். 2019 சேர்க்கையிலிருந்து அதுதான் அளவு. கையில் தாளே இருக்காது. பிறகு தனித்தேர்வராக ஐரிஷ் தாளை மட்டும் எழுதலாம்தான். ஆனால் ஒரு மொழியை அடியிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும். இரண்டாம் நிலைப் பள்ளியில் அறிவியலோ கணக்கோ கற்பிக்க இந்தத் தொல்லை இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். விலக்கு உரிமைதான், கட்டாயமல்ல; பள்ளிகள் இந்த விளைவைப் படிவத்தை நீட்டும்போதே பெற்றோரிடம் சொல்ல வேண்டும் என்பது எங்கள் கோரிக்கை. சொல்லும்வரை நாங்கள் வீடுவீடாகச் சொல்வோம்.

எங்களிடம் இருந்த மாதிரி விடைத் தொகுப்பைத் திரும்பப் பெறுகிறோம். வைத்திருப்பவர்கள் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டாம். பயிற்சி நேர்காணல்கள் வழக்கம்போல் மாலைகளில் நடக்கும். மேசைமேல் தாள் இருக்காது. முதல் கேள்வி கட்டாயம் ஐரிஷில் இருக்கும். இரண்டாவது கேள்வி, முதல் கேள்விக்கு நீங்கள் சொன்ன பதிலிலிருந்து பிறக்கும்.