பொருளடக்கப் பக்கத்துப் புள்ளிகள்

ஆண்டுமலர் கைக்கு வந்தவுடன் மாணவர் முதற்கண் தேடுவது தம் பெயரையே. தேடுமிடம் பொருளடக்கப் பக்கம். ஆங்குத் தலைப்பினின்று பக்க எண் வரையில் கண்ணை அழைத்துச் செல்வன சிறு புள்ளிகள். இவற்றைப் பற்றியும் ஒரு கட்டுரையோ என நண்பர்கள் நகைக்கக்கூடும்; நகைக்கட்டும்.

சின்னாட்களுக்கு முன் ஒரு மலரின் அச்சுப்படியைத் திருத்த நேர்ந்தது. எவருடைய மலரென்று கூறுதல் வேண்டா. தட்டெழுதியவர் முற்றுப்புள்ளி விசையையே பன்முறை அழுத்தி ஒவ்வொரு வரியையும் நிரப்பியிருந்தார். அவர் கணினியில் அது ஒருவாறு ஒழுங்காகவே தோன்றியதாம். அச்சகத்தில் எழுத்துரு மாறியதும் நீண்ட தலைப்புகளின் எண்கள் அடுத்த வரிக்குத் தாவின. முதலாண்டு மாணவி ஒருத்தியின் முதற்கட்டுரைக்கு எதிரே வரவுசெலவு அறிக்கையின் பக்க எண் நின்றது.

காரணம் எளிது. 'ர' ஒடுங்கிய எழுத்து, 'ஞ' அகன்றது. ஆதலின் தலைப்புதோறும் எஞ்சும் வெளி வேறுபடும். அது புள்ளியகலத்தின் முழு மடங்காக அமைதல் அரிது. 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலேயே லண்டன் மிஷன் அச்சகத்தைக் கண்டது நம் நாகர்கோவில். ஈய எழுத்துக் கோத்த அக்காலத்துத் தொழிலில் இதற்கு வழி இருந்தது: புள்ளிகளை வலப்புறத்தினின்று ஒரே நேரில் நிறுத்தி, மிஞ்சிய சிறு வெளியைத் தலைப்பின் அருகே மெல்லிய இடைக்கட்டைகளால் அடைப்பர்.

கணினியிலும் வழியுண்டு, நாம்தான் வினவுவதில்லை. 'டாப்' விசை வெற்றிடமன்று, அடுத்த நிறுத்தத்துக்குச் செல்க என்னும் கட்டளை. மைக்ரோசாப்ட் வேர்டில் நாம் ஒன்றும் குறிக்காவிடின் அரை அங்குலத்துக்கு ஒரு நிறுத்தம் இருப்பதாகக் கொள்ளும். தலைப்பு ஒன்றைக் கடப்பின் அடுத்ததற்குத் தாவும். வலக்கோடியில் வலப்புறம் ஒட்டிய நிறுத்தம் ஒன்றனைக் குறித்துப் புள்ளித்தொடரையும் அதற்கே உரியதாக்கினால், விசையை ஒருமுறை அழுத்துவதே போதும். எழுத்துரு மாறினும் எண்கள் ஒன்றன்கீழ் ஒன்றாய் நிற்கும். டானல்ட் க்னூத் இயற்றி, 1978இல் முதலில் வெளிவந்த 'டெக்' இன்னும் நுட்பமுடையது. அதன் 'லீடர்ஸ்' கட்டளை புள்ளிகளைத் தலைப்பின் முடிவிலிருந்து எண்ணாது, வரியின் இடக்கோடியிலிருந்தே அளவிடுதலால், மேல்வரிப் புள்ளியின் நேர்கீழே கீழ்வரிப் புள்ளி அமையும்.

புள்ளியே வேண்டா, எண்ணைத் தலைப்பின் அருகே வைத்துவிடலாம் என்பாரும் உளர். குறுகிய பட்டியலுக்கு அது தகும். ஆயின் பொருளடக்கத்தை இறுதி நாளிரவில் யாரேனும் தட்டெழுதட்டும் என விடும் நம் வழக்கம் எதற்கும் தகாது.

அம்மாணவியின் எண்ணைத் திருத்தினோம். கையால் இட்ட புள்ளிகளையெல்லாம் அழித்து மீட்டும் அமைப்பதற்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் சென்றது.