கடற்கரைத் தலையனும் கண்ணாடி அலமாரியும்

டிஸ்கி: ஆரம்பத்துல கொசுவத்தி வாசனை வரும். ஏமாந்துடாதீங்க, இது சண்டைப் பதிவு. பொம்மை சேர்க்கிற நண்பர்கள் ஆட்டோ அனுப்புறதா இருந்தா ஞாயித்துக்கிழமையா பார்த்து அனுப்பவும். மத்த நாள்ல ஆபீஸ்ல ஆணி ஜாஸ்தி.

போன மாசம் தங்கமணியோட அண்ணன் நியூஜெர்சியிலேர்ந்து வந்திருந்தார். பாதாம், பிஸ்தா, சென்ட் பாட்டில் எல்லாம் பெட்டியிலேர்ந்து இறங்கின பிறகு, கடைசியா ஒரு அட்டைப் பெட்டியை எடுத்து, "மாப்ள, இது உங்களுக்கு. சின்ன வயசுல இவனைத்தான் பாக்கெட்ல வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன்னு சொல்வீங்களே"ன்னு நீட்டினார். பார்த்தா பீச் ஹெட்! ஜி.ஐ. ஜோ பீச் ஹெட்! நாப்பது தாண்டின ஆளு கண் கலங்கினதை யாரும் பார்க்கலைன்னு நம்புறேன்.

விஷயம் தெரியாதவங்களுக்கு: ஜி.ஐ. ஜோங்கிறது அமெரிக்காவுல ஹாஸ்ப்ரோ கம்பெனி போட்ட ராணுவ வீரர் பொம்மை வரிசை. நம்ம ஊருக்கு அது ஃபன்ஸ்கூல் வழியா வந்தது. 1987-ல் எம்.ஆர்.எஃப்.பும் ஹாஸ்ப்ரோவும் கூட்டு சேர்ந்து ஆரம்பிச்ச கம்பெனி. ஆபீஸ் சென்னையில, ஃபேக்டரி கோவாவுல. அமெரிக்காவுல வித்து முடிச்ச பொம்மைகளோட அச்சை வச்சு இங்கே ஊத்தி எடுத்தாங்க. பிரேசில்ல எஸ்ட்ரெலான்னு ஒரு கம்பெனி இதே வேலையைச் செஞ்சது. அப்படித்தான் 1986-ல் அமெரிக்கப் பையன் கைக்குப் போன பீச் ஹெட், சில வருஷம் கழிச்சு திருச்சி உறையூர்ல என் கைக்கு வந்தான். அப்பா சம்பளம் வாங்கின வாரம். தம்பிக்கு ஃப்ளின்ட், எனக்குப் பச்சை முகமூடிக்காரன்.

பீச் ஹெட்னா என்னன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியாது. மெரினாவுல காவல் காக்கிற ஆளுன்னு நாங்களே முடிவு பண்ணி 'கடற்கரைத் தலையன்'னு பேர் வச்சுட்டோம். எதிரி மண்ணுல படகுலேர்ந்து இறங்குற படை முதல்ல பிடிக்கிற கரைத்துண்டுக்குத்தான் அந்தப் பேருன்னு காலேஜ் போனப்புறம்தான் தெரிஞ்சது. அதுக்குள்ள அவன் அம்மா மண்டபம் படித்துறை, காவிரி மணல், பாட்டி வீட்டு அரிசிப் பானைன்னு எல்லா இடத்துலயும் இறங்கிக் கரை பிடிச்சு முடிச்சிருந்தான்.

கொசுவத்தியை அணைச்சுட்டு விஷயத்துக்கு வர்றேன்.

இந்தப் புது பீச் ஹெட், ஹாஸ்ப்ரோ 2020-ல் ஆரம்பிச்ச 'கிளாசிஃபைட்' வரிசையில வந்தவன். பழையவன் மூணே முக்கால் இன்ச். இவன் ஆறு இன்ச். நியாயமா சொல்லணும்னா அழகன். பழையவனுக்கு முகம் இட்லியில ரெண்டு கண்ணு வச்ச மாதிரி இருக்கும். இவனுக்கு முகமூடிக்குள்ளேர்ந்து பார்க்கிற பார்வையில ஒரு கடுப்பு தெரியுது, வாத்தியார் கடுப்பு. முட்டி மடங்குது, இடுப்பு திரும்புது, முழங்காலைத் தரையில ஊன்றிக் குறி பார்க்கிறான். துணியோட சுருக்கம்கூட செதுக்கியிருக்காங்க. ஒரு மணி நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துட்டு புத்தக அலமாரியில, கண்ணாடிக்குப் பின்னாடி நிக்க வச்சேன்.

என் பையனுக்கு ஒன்பது வயசு. பள்ளிக்கூடம் விட்டு வந்தவன் நேரா போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தான்.

"டேய், தொடாதே!"

கத்தினது நான்தான். பொம்மையைப் பார்த்துக் கையை நீட்டின புள்ளைகிட்ட.

அவன் ஒண்ணும் சொல்லலை. "அப்ப இது எதுக்கு?"ன்னு மட்டும் கேட்டுட்டுப் போய்ட்டான். அந்தக் கேள்விதான் இந்தப் பதிவு.

நம்ம வீடுகள்ல தொடக்கூடாத பொம்மைன்னு ஒண்ணு ஏற்கெனவே இருக்கு, கொலு பொம்மை. அதுக்குக் காரணம் இருக்கு, சாமி இருக்கு, சுண்டல் இருக்கு. அந்தக் கொலுவுலயே கீழ்ப்படிக்குப் பக்கத்துல மண்ணைக் கொட்டி, கடுகு முளைக்க வச்சு, பார்க்கு கட்டிக்கச் சொல்லி புள்ளைங்களை விட்டுடுவாங்க. கிளாசிஃபைட் வரிசைக்கு அந்தக் கீழ்ப்படிகூடக் கிடையாது. இது ஒன்பது படியும் உச்சிப்படியாவே இருக்கிற கொலு.

"புது மாதிரின்னா அப்படித்தான், காலத்துக்கேத்த மாத்தம்"னு இதைப் புகழ்ந்து எழுதுறவங்க சொல்றாங்க. சரித்திரத்தைப் புரட்டிப் பார்த்தா நேர் எதிரா இருக்கு. 1964-ல் முதல் ஜி.ஐ. ஜோ வந்தப்ப ஓரடி உயரம். ஆம்பளைப் பசங்க 'டால்'னு சொன்னா வாங்கமாட்டாங்கன்னு 'ஆக்‌ஷன் ஃபிகர்'ங்கிற வார்த்தையையே அதுக்காகத்தான் கண்டுபிடிச்சாங்க. வியட்நாம் போரால ராணுவ பொம்மைமேல அமெரிக்கப் பெத்தவங்களுக்கே வெறுப்பு வந்ததும், 1970-ல் சிப்பாயை சாகசக்காரனா மாத்தி, புதையல் தேடவும் காட்டு மிருகம் பிடிக்கவும் அனுப்பினாங்க. எழுபதுகள்ல பெட்ரோல் விலை ஏற, பிளாஸ்டிக் விலையும் ஏறிச்சு, ஓரடி ஜோ காணாமப் போனான். ஸ்டார் வார்ஸ் பொம்மைகள் மூணே முக்கால் இன்ச்ல சக்கைப்போடு போட்டதைப் பார்த்துட்டு, 1982-ல் அதே அளவுல திரும்ப வந்தான். ஒவ்வொரு தடவையும் அவனை மாத்தினது அந்தந்தக் காலத்துப் புள்ளைக்காக. லாபத்துக்காகத்தான், யார் இல்லைன்னா? ஆனா லாபம் புள்ளைங்க கையிலேர்ந்து வரணும்னு கணக்குப் போட்டாங்க. 2020 மாத்தம் யாருக்காக? 1985-ல் புள்ளையா இருந்தவனுக்காக. போன தலைமுறைப் புள்ளைக்காக இந்தத் தலைமுறையில பொம்மை போட்டிருக்காங்க.

அளவு சமாச்சாரத்தைச் சும்மா ரெண்டே கால் இன்ச் வித்தியாசம்னு தள்ளிடாதீங்க. எல்லாமே அங்கேதான் இருக்கு.

மூணே முக்கால் இன்ச் ஆளு டவுசர் பாக்கெட்ல போவான், காம்பஸ் பாக்ஸ்ல ஸ்கேலுக்குப் பக்கத்துல படுப்பான், கணக்குப் பாடம் நடக்கும்போது டெஸ்க்குக்கு அடியில சண்டை போடுவான். அதைவிட முக்கியம், அவ்வளவு சின்ன ஆளா இருந்தாத்தான் அவனுக்கு ஜீப்பு, டாங்கு, விமானமெல்லாம் கட்டுப்படியாகுற விலையில செய்ய முடியும். 1985-ல் ஃப்ளாக்னு ஒரு விமானந்தாங்கிக் கப்பல் போட்டாங்க, ஏழரை அடி நீளம். (ஏழரைன்னதும் சனி ஞாபகம் வந்தா நான் பொறுப்பில்லை. அதை வாங்கிக் கொடுத்த அமெரிக்க அப்பாக்களுக்கு அதுதான் நடந்திருக்கும்.) இதே கப்பலை ஆறு இன்ச் ஆளுக்குப் போட்டா பன்னிரண்டு அடி. கப்பலை வச்சுட்டு நாம வெளியில படுக்கணும்.

கதை கட்டுறேன்னு நினைக்காதீங்க. 1983-ல் 'ஹிஸ்'னு ஒரு கறுப்பு டாங்கு வந்தது, வில்லன் கோப்ரா கோஷ்டியோடது, கடையில சாதாரணமா தொங்கின பொம்மை. அதையே ஆறு இன்ச் ஆளுங்களுக்காக 2022-ல் மறுபடி போட்டப்ப விலை 300 டாலர். அதுவும் கடையில கிடையாது. முன்பணம் கட்டுறவங்க இத்தனை பேர் சேர்ந்தாத்தான் தயாரிப்போம்னு சீட்டுப் பிடிக்கிற மாதிரி பிடிச்சாங்க. கிரெடிட் கார்டு வச்சிருக்கிற ஒன்பது வயசுப் பையனை நான் இன்னும் பார்க்கலை. இந்த பீச் ஹெட்டே அமெரிக்காவுல டார்கெட் கடைகளுக்குன்னு மட்டும் ஒதுக்கின சரக்கு. கடைக்கு வந்ததும் மறுவிற்பனைக்காரங்க அள்ளிட்டுப் போய், இணையத்துல விலை ஏத்தி வித்தாங்க. ஆரம்ப விலையே தலைக்கு 20 டாலர்.

அடுத்தது திருகாணி. பழைய ஜோவோட முதுகுல ஒரு திருகாணி இருக்கும். அதைக் கழட்டினா ஆளு ரெண்டா பிரிவான். உள்ளே மேலையும் கீழையும் பிடிச்சுக்கிட்டு ஒரு ரப்பர் வளையம். அது எத்தனை நாளைக்கு வரும்? நாங்க விளையாடுற விளையாட்டுக்கு ஒரு கோடை லீவுதான். அறுந்ததும் இடுப்பு தனி, கால் தனி. தம்பி ஓன்னு அழுதான். அப்பா கண்ணாடி ரிப்பேர் பண்ற குட்டி ஸ்குரூடிரைவரை எடுத்து, பலசரக்குக் கடைப் பொட்டலத்துல வந்த ரப்பர் பேண்டை ரெண்டா மடிச்சு மாட்டி முடுக்கிக் கொடுத்தார். அன்னிக்குக் கத்துக்கிட்டோம். அடுத்த வாரமே ஃப்ளின்ட் தலை, பீச் ஹெட் உடம்பு, ரெண்டு பேரோட கையில ஆளுக்கொண்ணுன்னு மூணாவதா ஒருத்தனைப் பண்ணிட்டோம். அவனுக்கு எந்த நாட்டுக் கொடியும் கிடையாது, உறையூர்க்காரன். புதுசுல முதுகைத் தடவிப் பார்த்தேன். திருகாணியும் இல்லை, திறக்கிற வழியும் இல்லை.

பழைய அட்டையோட பின்பக்கம் ஒவ்வொரு வீரனுக்கும் ஒரு ஜாதகம் இருக்கும். நிஜப் பேர், ஊர், குணம். பெரும்பாலும் எழுதினவர் லாரி ஹாமா, மார்வெல் ஜி.ஐ. ஜோ காமிக்ஸையும் எழுதினவர். பீச் ஹெட் பிறந்த ஊர் அலபாமா மாநிலத்து ஆபர்ன்னு அகராதியும் அட்லஸும் வச்சுக்கிட்டுக் கண்டுபிடிச்சது எனக்கு ஞாபகம் இருக்கு. கிளாசிஃபைட் ஆரம்பப் பெட்டிகள்ல ஓவியம் பிரமாதம், ஜாதகம் இல்லை. ஒன்பது வயசுக்காரனுக்கு அந்த ஜாதகம்தான் கதவு. நமக்கு வேண்டாம், நமக்குத்தான் மனப்பாடமாச்சே!

இந்த இடத்துல சிலர், "ஆரம்பத்துல தப்பு பண்ணாங்க, அப்புறம் திருத்திட்டாங்களே"ம்பாங்க. உண்மை. முதல்ல வந்த ஆளுங்க துப்பாக்கியெல்லாம் விண்வெளிப் படத்துல வர்ற மாதிரி இருந்தது. ரசிகர்கள் கத்தினதும் பழைய ஜாடைக்கு வந்தாங்க. 2023-ல் பழைய காலத்து அட்டையிலயே ஒட்டி விக்கவும் ஆரம்பிச்சாங்க. யார் கத்தி? நாம கத்தி. அந்த அட்டையைக் கிழிக்க மனசு வராம நாமளே அப்படியே ஆணியில தொங்க விடுறோம். திருத்தம்னு நீங்க சொல்றது நம்ம பக்கம் இன்னொரு அடி நகர்ந்ததைத்தான்.

"இந்தக் காலத்துப் பசங்க பொம்மையா கேக்குறாங்க, மொபைல்தானே"ன்னு இன்னொரு கட்சி. சரி, அவன் கேட்டப்ப நாம என்ன சொன்னோம்? தொடாதேன்னோம். மொபைலை யாரும் கண்ணாடிக்குப் பின்னாடி வைக்கலை.

ஒண்ணு சொல்லணும். இந்த வரிசையிலேயே பெரிய ஹீரோ ஸ்நேக் ஐஸ். 1982-ல் அவன் எப்படிப் பிறந்தான் தெரியுமா? பெயின்ட் செலவை மிச்சம் பிடிக்க ஒரு பொம்மையை வெறும் கறுப்பு பிளாஸ்டிக்லயே ஊத்தி விட்டாங்க. முகமும் கிடையாது, வண்ணமும் கிடையாது. அவன் ஏன் முகம் காட்டலை, ஏன் பேசலைன்னு ஹாமா கதை கட்ட ஆரம்பிச்சார். 1984-ல் ஒரு வசனம்கூட இல்லாம ஒரு முழு இதழே அவனுக்காக வந்தது. கஞ்சத்தனம் விட்ட ஓட்டையை கற்பனை அடைச்சது. 2021-ல் அவனை வச்சுப் படமெடுத்தாங்க. முகத்தையும் காட்டி, வாயையும் திறக்க வச்சு, எதையும் பாக்கி வைக்கலை. படம் என்னாச்சுன்னு உங்களுக்கே தெரியும்.

இப்படியெல்லாம் யோசிச்சு, ஒரு வாரம் கழிச்சு அலமாரியைத் திறந்து பீச் ஹெட்டை எடுத்துப் பையன் கையில கொடுத்தேன். கை நடுங்கலைன்னு சொன்னா பொய். அவன்கிட்ட இருக்கிற எந்த ஜீப்லயும் உக்கார வச்சுப் பார்த்தான், உள்ளே போகலை. கூரையில படுக்க வச்சு ஓட்டினான். டவுசர் பாக்கெட்ல வச்சான், பாதி ஆளு வெளியில நின்னான். ஸ்கூலுக்கு எடுத்துட்டுப் போக முடியாதுன்னு அவனே சொல்லிட்டான். மூணாம் நாள் துப்பாக்கி பீரோவுக்கு அடியில போச்சு. அவன் கவலைப்படலை, ஐஸ் குச்சியை வெட்டி இன்னொண்ணு செஞ்சுட்டான். அதைப் பிடிக்கத்தான் அந்த அழகான விரல் தோதா இல்லை.

நேத்து ராத்திரி நியூஜெர்சியிலேர்ந்து போன்.

"மாப்ள, பீச் ஹெட் பெட்டியைப் பத்திரமா வச்சிருக்கீங்கல்ல? பெட்டியோட இருந்தாத்தான் பின்னாடி விலை போகும்."

எட்டிப் பார்த்தேன். பெட்டியோட ஒரு பக்கம் வட்டமா வெட்டியிருந்தது. உள்ளே கிழிஞ்ச கைக்குட்டையை மெத்தையா போட்டு, பீச் ஹெட் இருக்கிற இடம் பத்தாம காலை வெளியில நீட்டிக்கிட்டுப் படுத்திருந்தான். வாசல்ல பையன் எழுத்துல "ராணுவ முகாம். அப்பா உள்ளே வரக்கூடாது".

"இருக்கு மச்சான், புழக்கத்துல இருக்கு"ன்னு சொல்லி வச்சுட்டேன்.