தனுஷ்கோடி செத்த ஊர் அன்று

சிற்றிதழ் வாசகர்களாகிய நமக்குத் தனுஷ்கோடி என்றதும் நினைவுக்கு வருபவை எவை? கூரையற்ற தேவாலயம், இடிந்த இரயில் நிலையம், ஆளரவமற்ற கடற்கரை. 'பேய் நகரம்', 'வாழ்விழந்த நகரம்' என்னும் தொடர்கள் இன்றி அவ்வூரைப் பற்றி ஒரு கவிதையோ பயணக்குறிப்போ எழுத நம்மவர்க்குக் கை வருவதில்லை. இதை ரசனைக் குறைபாடு என்று விட்டுவிட எங்களால் இயலவில்லை. உயிரோடிருக்கும் மனிதர்களை இல்லை என்று சொல்லும் பொய்ச்சாட்சி இது.

முதலில் எங்கள் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறோம். கோரிப்பாளையத் தேநீர்க்கடையில் மாலைதோறும் இலக்கியம் பேசும் நாங்கள், சில ஆண்டுகளுக்கு முன் மாணவர்களை அழைத்துக்கொண்டு மாட்டுத்தாவணியில் பேருந்து ஏறித் தனுஷ்கோடி சென்றோம். தேவாலயச் சுவரைப் படமெடுக்க முனைந்த மாணவர் ஒருவர், அதனருகே கருவாடு காயப்போட்டுக் கொண்டிருந்த அம்மையாரைச் சற்று விலகச் சொன்னார். அவர் நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: "ஏன் தம்பி, நான் வெலகுனாத்தான் ஊரு செத்த மாதிரித் தெரியுமோ?" மாணவரைக் கண்டிக்க எங்களுக்கு நா எழவில்லை. அந்தப் பார்வையைக் கற்பித்தவர்கள் நாங்களே அல்லவா?

வரலாறு நாமறிந்ததுதான். 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், எழும்பூரில் வாங்கிய ஒரே பயணச்சீட்டில் கொழும்பு வரை செல்ல முடிந்தது. தனுஷ்கோடியில் இரயிலை விட்டிறங்கிக் கப்பலேறினால், ஏறத்தாழ 30 கிலோமீட்டரில் தலைமன்னார். 1964 டிசம்பர் 22 நள்ளிரவை ஒட்டி வீசிய புயல், நூற்றுக்கு மேற்பட்ட பயணிகளோடு வந்த இரயிலையும் ஊரையும் ஒருசேரக் கொண்டு போயிற்று. மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. நம் எழுத்தாளர்களின் கதையும் அத்துடன் முடிந்துவிடுகிறது.

ஊர் முடியவில்லை. மீனவர் திரும்பி வந்தார்கள். மணலில் ஊற்றுத் தோண்டி நன்னீர் எடுத்தார்கள்; ஓலைக்குடில் கட்டினார்கள்; கரைவலை இழுத்தார்கள். மின்கம்பி வராமலே பல பத்தாண்டுகள் கழிந்தன. தகுதியற்ற இடம் என்று எழுதப்பட்டுவிட்ட மண்ணில் குடியிருப்பவர், விளக்குக்கும் வீட்டுமனைக்கும் எந்த வாயால் மனுக்கொடுப்பார்? அரசின் அந்த ஒற்றை வரியைத்தான் நம் கவிதைகள் அழகுபடுத்தித் திரும்பச் சொல்கின்றன. 2017இல் அரிச்சல்முனை வரை தார்ச்சாலை திறக்கப்பட்டதும் சுற்றுலா வண்டிகள் வரிசைகட்டின. வருபவர்கள் தேடுவதும் நாம் எழுதி விற்ற அதே இடிபாட்டைத்தான்.

இன்னொன்றையும் நாம் மறந்தோம். தனுஷ்கோடி ஒரு நாட்டெல்லை ஊர். மண்ட்டோவின் 'டோபா டேக் சிங்' கதையை வகுப்பில் நடத்தும்போது குரல் கம்முகிற நமக்கு, நம் வாசலில் உள்ள எல்லை கண்ணில் படுவதில்லை. வேலியில்லாமல் நீரில் கிடப்பதால் அது கோடாகத் தெரியவில்லை போலும். 1964 அக்டோபரில் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 மலையகத் தமிழரை இந்தியா ஏற்கும் என்றது. அவர்கள் வந்திறங்கியிருக்க வேண்டிய துறை, இரண்டே மாதத்தில் கடலுக்குள் போனது. கப்பல்கள் இராமேசுவரத்திற்கு மாறின. 1974, 1976 ஆம் ஆண்டு உடன்பாடுகள் கடலில் கோடு வரைந்தன. 2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடிக்குத் தப்பிய குடும்பங்கள் அரிச்சல்முனையை அடுத்த மணல்தீடையில் கைக்குழந்தையோடு தவித்து நின்றன. செத்த ஊரிலா இவையெல்லாம் நடக்கும்?

பெல்ஜியத்தின் பிளெமிஷ் பகுதியைச் சேர்ந்த பார்லே-ஹெர்டோக் என்னும் சிற்றூரை எண்ணிப் பாருங்கள். நெதர்லாந்து மண்ணுக்குள் துண்டுதுண்டாகச் சிதறிக் கிடக்கும் ஊர் அது. எல்லைக்கோடு தெருவிலும் வீடுகளின் ஊடாகவும் ஓடுகிறது. தலைவாசல் எந்த நாட்டில் திறக்கிறதோ, வீடு அந்த நாட்டுக்குரியது என்பது அங்கு வழக்கம். அப்பகுதியின் சில வயல்கள் யாருக்கு என்ற வழக்கு பன்னாட்டு நீதிமன்றம் வரை சென்று 1959இல் தீர்ந்தது. இரு நாட்டின் செல்வமும் நட்பும் அவர்களுக்கு வாய்த்தன. நம் கடல் அப்படிப்பட்டதன்று என்பதை அறிவோம். ஆயினும் அங்கே கோட்டைப் பற்றிப் பேசும் எவரும் வாசலிலிருந்து, அதாவது குடியிருப்பவரிடமிருந்து, தொடங்க வேண்டியிருக்கிறது. நாமோ வாசலை விட்டுவிட்டு இடிந்த சுவரிலிருந்து தொடங்குகிறோம்.

மாண்டவர்க்காக அழக் கூடாதா என்று நண்பர்கள் கேட்கக்கூடும். அழலாம், அழ வேண்டும். ஆனால் மாண்டவரின் பிள்ளைகளும் பேரர்களும் அதே மணலில் வலை உலர்த்தும்போது, அவர்களைப் படச்சட்டத்திற்கு வெளியே தள்ளிவிட்டு அழுவதற்கு இரங்கல் என்று பெயரில்லை.

இனி நாங்கள் செய்ய நினைப்பது சிறிது. அடுத்த முறை மாணவர்கள் ஒளிப்படக் கருவியை விட்டுவிட்டுக் குறிப்பேட்டோடு செல்வார்கள். காற்றுக்கும் நீரோட்டத்திற்கும் வலைக்கும் அம்மக்கள் வழங்கும் சொற்களைக் கேட்டு எழுதுவார்கள். இதழாசிரியர்களிடமும் ஒன்று கேட்கிறோம்: 'பேய் நகரம்' என்ற தொடரோடு வரும் அடுத்த கவிதையைத் திருப்பி அனுப்புங்கள். அங்கே யாரைப் பார்த்தீர்கள் என்று அக்கவிஞரிடம் கேளுங்கள்.