ஒற்றை நட்சத்திரமும் மொட்டைக் கடிதமும்

புத்தகம் எழுதியவருக்கும் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தவருக்கும் இடையே இப்போது இணையத்தில் பெரிய வம்பு நடந்துகொண்டிருக்கிறது. நம் வயதுக்காரர்கள் பலர் இதைக் கவனித்திருக்க மாட்டார்கள். முன்பெல்லாம் மதிப்புரை என்றால் பத்திரிகையில் வரும், எழுதுகிறவரும் நாலு பேருக்குத் தெரிந்தவராக இருப்பார். நாம் படித்துவிட்டுத் தலையாட்டுவோம், இல்லையென்றால் 'இவருக்கு என்ன தெரியும்' என்று பக்கத்தைப் புரட்டுவோம். இப்போது யார் வேண்டுமானாலும் எழுதலாம், ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் போடலாம். அமெரிக்காவில் 'குட்ரீட்ஸ்' என்று ஒன்றை 2007-இல் தொடங்கினார்கள். 2013-இல் அமேசான் அதை வாங்கிவிட்டது. அதே 2007-இல் பிரான்சில் 'பபேலியோ' வந்தது. பிரெஞ்சு வழியில் படித்தவன் என்பதால் நான் பபேலியோவைத்தான் அதிகம் பார்ப்பேன். அங்கே சண்டை கொஞ்சம் குறைவு, இலக்கணம் கொஞ்சம் அதிகம்.

நான் எந்தக் கட்சி என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் வாசகர் கட்சி. ஆனால் வாசகர் என்ற பெயரில் நடக்கிற எல்லாவற்றுக்கும் நான் வக்காலத்து வாங்கப்போவதில்லை.

கேத்லீன் ஹேல் என்று ஓர் அமெரிக்க எழுத்தாளர். 2014-இல் அவருடைய முதல் நாவல் வந்தது. குட்ரீட்ஸில் ஒரு வாசகி அந்த நாவலுக்கு ஒரே ஒரு நட்சத்திரம் கொடுத்துத் தாளித்துவிட்டார். அந்த வாசகி புனைபெயரில் எழுதுகிறவர். ஹேலுக்குத் தாங்கவில்லை. தந்திரமாக அவருடைய முகவரியைத் தெரிந்துகொண்டு, பணம் கட்டிப் பின்னணி விசாரித்து, வேறு யாரோ போலத் தொலைபேசியில் பேசி, கடைசியில் வண்டியை எடுத்துக்கொண்டு அந்த அம்மாள் வீட்டு வாசலுக்கே போய்விட்டார். இது யாரோ கட்டிவிட்ட கதையல்ல. அந்த ஆண்டு அக்டோபரில் லண்டன் 'கார்டியன்' பத்திரிகையில் அவரே இதையெல்லாம் கட்டுரையாக எழுதினார். அந்த வாசகி போட்டிருந்த பெயரும் படமும் அவருடையவை அல்ல என்பதைப் பெரிய கண்டுபிடிப்பாகச் சொல்லியிருந்தார். எழுத்தாளர்களில் சிலர் அவருக்காகப் பரிந்து பேசினார்கள். வாசகர்கள் பயந்துபோனார்கள். பயப்படாமல் என்ன செய்வார்கள்? ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்று சொன்னதற்காக ஆசிரியர் வந்து கதவைத் தட்டுவார் என்றால், யார் வாயைத் திறப்பார்கள்?

நாற்பது வருடத்துக்குக் கொஞ்சம் குறைவாக அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலை பார்த்தவன் நான். மொட்டைக் கடிதத்தைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். வாரத்துக்கு இரண்டு மூன்று வரும். 'இன்ன அதிகாரி இன்னாரிடம் பணம் வாங்கினார்' என்று இருக்கும், கீழே 'உண்மை விளம்பி' என்றோ 'பொதுமக்களில் ஒருவன்' என்றோ கையெழுத்து இருக்கும். பெயரும் முகவரியும் இல்லாத மனுவின் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியதில்லை என்பது வழக்கம். அது நியாயமான வழக்கம்தான். ஏனென்றால் எழுதியவன் யார் என்று தெரியாவிட்டால், அவன் சொல்வது மெய்யா பொய்யா என்று பார்க்க நமக்கு வழியே கிடையாது. பணம் கைமாறியபோது நாம் அங்கே நின்றுகொண்டிருக்கவில்லை.

பெயர் சொல்லாமல் எழுதப்படும் மதிப்புரையும் மொட்டைக் கடிதம்தானே, அதையும் குப்பையில் போட வேண்டியதுதானே என்று எழுத்தாளர்கள் கேட்கிறார்கள். அப்படி இல்லை. மதிப்புரையில் குற்றம் சாட்டப்படுவது புத்தகம். அது எல்லோர் கண்ணுக்கும் முன்னால் கிடக்கிறது. 'நூறாம் பக்கத்தில் செத்தவன் நூற்று இருபதாம் பக்கத்தில் காப்பி குடிக்கிறான்' என்று ஒருவர் எழுதினால், அவர் பெயர் முனுசாமியா மரியாவா என்று எனக்கு எதற்கு? நூற்று இருபதாம் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். ஹேல் விஷயத்திலும் இதேதான். அந்த வாசகியின் பெயர் பொய்யாக இருந்ததால் நாவல் ஒரு எழுத்துகூட மாறிவிடவில்லை.

பெயர் அவசியமாகிற இடம் வேறு. எழுதுகிறவருக்கு அந்தப் புத்தகத்தில் சொந்த லாபமோ பகையோ இருந்தால், அவர் யார் என்று நமக்குத் தெரிந்தாக வேண்டும். வேடிக்கை என்னவென்றால், இந்த இடத்தில் அகப்பட்டுக்கொண்டவர்களில் பலர் வாசகர்கள் அல்ல, எழுத்தாளர்களே. 2004-இல் அமேசானின் கனடா தளத்தில் ஏதோ கோளாறு ஏற்பட்டு, புனைபெயரில் எழுதியவர்களின் உண்மைப் பெயர்கள் சில நாள் வெளியே தெரிந்துவிட்டன. தங்கள் புத்தகத்துக்குத் தாங்களே ஐந்து நட்சத்திரம் போட்டுக்கொண்டவர்கள் வெளிச்சத்துக்கு வந்தார்கள். ரஷ்ய வரலாற்றில் பெரிய பெயர் எடுத்த பிரிட்டிஷ் பேராசிரியர் ஒர்லாண்டோ ஃபைஜஸ் கதை இன்னும் மோசம். மற்ற வரலாற்றாசிரியர்களின் புத்தகங்களை மட்டமாகவும் தன் புத்தகத்தை உயர்வாகவும் அமேசானில் மறைந்திருந்து எழுதினார். 2010-இல் சந்தேகம் எழுந்தபோது முதலில் வக்கீல் மூலம் மிரட்டல். பிறகு, எழுதியது என் மனைவி என்றார்கள். கடைசியில் நானேதான் என்று ஒப்புக்கொண்டு நஷ்ட ஈடு கட்டினார். பெண்டாட்டி மேல் பழி போட்டதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்கவும் இல்லை, அது வேறு விஷயம்.

2023 டிசம்பரில் கேய்ட் கொரெய்ன் என்ற இளம் எழுத்தாளர் குட்ரீட்ஸில் போலிக் கணக்குகளைத் திறந்து, தன்னைப் போலவே முதல் புத்தகம் வெளியிட இருந்த மற்றவர்களுக்கு ஒற்றை நட்சத்திரமாகப் போட்டுத் தள்ளினார். அவருடைய புத்தகம் இன்னும் வெளிவரவே இல்லை. குட்டு உடைந்ததும் பதிப்பகம் அந்தப் புத்தகத்தையே கைவிட்டது. ஓட்டப் பந்தயத்தில் பக்கத்தில் ஓடுகிறவன் காலைத் தட்டிவிடுகிற கதைதான்.

இதெல்லாம் இணையம் வந்து கெட்டுப்போன காலம் என்று சொல்கிறவர்களுக்கு நான் பால்சாக்கைச் சிபாரிசு செய்வேன். 'இல்யூசியோன் பெர்த்யூ' என்ற நாவலின் பாரீஸ் பாகம் 1839-இல் வந்தது. அங்குலேம் என்ற சின்ன ஊரிலிருந்து லூசியென் என்ற இளைஞன் கவிஞனாகும் கனவோடு பாரீசுக்கு வருகிறான். அவனுடைய கவிதைகளைப் பதிப்பாளர் தொடவில்லை. பத்திரிகைக்காரச் சிநேகிதர்கள் அவனுக்கு ஒரு வழி சொல்லித் தருகிறார்கள். அந்தப் பதிப்பாளர் வெளியிட்ட நாத்தான் என்பவரின் புத்தகத்தைக் கிழித்து ஒரு கட்டுரை எழுது, ஆள் தானாக வழிக்கு வருவார் என்கிறார்கள். லூசியெனுக்கு அந்தப் புத்தகம் உண்மையிலேயே பிடித்திருக்கிறது. இருந்தும் கிழிக்கிறான். காரியம் பலிக்கிறது. பிறகு அதே புத்தகத்தைப் புகழ்ந்து இன்னொரு கட்டுரையும் எழுதுகிறான். அதே நாவலில், மதிப்புரைக்கு வந்த புத்தகங்களைப் பக்கம்கூடப் பிரிக்காமல் பழைய புத்தகக்காரனிடம் விற்றுக் காசு பண்ணுகிறார்கள். நாடகக் கொட்டகையில் கைதட்டுவதற்குக் கூலி ஆட்களும், அவர்களுக்கு ஒரு மேஸ்திரியும் இருக்கிறார்கள்.

கூலிக்குக் கைதட்டுவது இன்றும் உண்டு. 2012-இல் 'நியூயார்க் டைம்ஸ்' ஒரு வியாபாரத்தைப் பற்றி விரிவாக எழுதியது. உங்கள் புத்தகத்துக்கு ஒரு புகழுரை வேண்டுமென்றால் 99 டாலர், ஐம்பது வேண்டுமென்றால் 999 டாலர். மொத்தமாக வாங்கினால் மலிவு, நம் பெரிய மார்க்கெட் மாதிரி. ஆகவே கெட்டுப்போனது காலம் அல்ல. அன்றைக்கு இந்தக் காரியங்களைப் பாரீசில் ஒரு சில பேர் செய்தார்கள், இன்று கைபேசி வைத்திருக்கிறவர் எல்லோரும் செய்ய முடிகிறது. அவ்வளவுதான்.

எழுத்தாளர் பதில் சொல்லவே கூடாதா என்று கேட்பீர்கள். பிரான்சில் இதற்குச் சட்டமே இருக்கிறது. 1881 ஜூலை 29-ஆம் தேதியிட்ட பத்திரிகைச் சட்டத்தின் 13-ஆவது பிரிவு. பத்திரிகையில் ஒருவரைப் பெயர் சொல்லி எழுதினால், அவர் அனுப்பும் பதிலையும் அதே பத்திரிகை வெளியிட்டே ஆகவேண்டும். மூலக் கட்டுரையைப் போல் இரண்டு மடங்கு நீளம் வரை இலவசம் என்று அன்று வைத்திருந்தார்கள். 1897-இல் அல்ஃப்ரெட் துய்பூ என்பவர் எழுதிய 'ஃப்ரெதெகோந்த்' என்ற நாடகம் கொமெதி பிரான்சேஸில் அரங்கேறியது. பெரிய விமரிசகர் ழூல் லெமேத்ர் ஒரு மாதப் பத்திரிகைக்குச் சமமான கனத்த ஏட்டில் அதை விளாசிவிட்டார். துய்பூ மறுப்பு அனுப்பினார். ஆசிரியர் ப்ரூனெத்தியேர் போட மறுத்தார். வழக்கு மேலே மேலே போய், 1898-இல் துய்பூவுக்கு வெற்றி. இலக்கிய விமரிசனத்துக்கும் பதில் உரிமை உண்டு என்று ஆயிற்று.

சட்டப்படி சரி. ஆனால் இன்றைக்கு அந்த நாடகத்தை யார் படிக்கிறார்கள்? துய்பூ என்ற பெயர் சட்டப் புத்தகத்தில்தான் உயிரோடு இருக்கிறது. பதில் சொல்ல உரிமை உண்டா என்றால் உண்டு. தகவல் பிழை இருந்தால், 'நான் இந்தப் புத்தகத்தில் அப்படி எழுதவில்லை, இன்ன பக்கம் பாருங்கள்' என்று இரண்டு வரியில் சொல்லிவிட்டு விலகிவிடலாம். அதற்கு மேல் போகிற ஒவ்வொரு வரியும் புத்தகத்துக்கு வக்காலத்தாக இருக்காது, எழுதியவருடைய கோபத்துக்கு வக்காலத்தாக இருக்கும்.

வாசகர்கள் பக்கமும் சொல்ல வேண்டியது இருக்கிறது. 2023 ஜூனில் எலிசபெத் கில்பர்ட் தன் அடுத்த நாவலை அறிவித்தார். கதை நடப்பது சைபீரியாவில். உக்ரைனில் யுத்தம் நடக்கிற நேரத்தில் ரஷ்யாவில் நடக்கும் கதையா என்று நூற்றுக்கணக்கானவர்கள் குட்ரீட்ஸில் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். புத்தகம் அச்சாகவே இல்லை. அடுத்த பிப்ரவரியில்தான் வர இருந்தது. சில நாளிலேயே அவர் அதை நிறுத்திவைத்துவிட்டார். குண்டு விழுகிற ஊரில் இருக்கிறவர்களின் வேதனையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அவர்கள் கடிதம் எழுதலாம், கண்டனம் தெரிவிக்கலாம், வாங்காதீர்கள் என்று சொல்லலாம். ஆனால் படிக்காத புத்தகத்துக்கு மதிப்பெண் போடுவது, எழுதாத பரீட்சைக்குப் பெயில் போடுகிற வேலை. அப்படிப் போட அந்தத் தளம் எப்படி அனுமதிக்கிறது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. புத்தகம் வெளிவரும் தேதி வரைக்கும் நட்சத்திரத்தைப் பூட்டிவைக்க ஒரு பொறியாளருக்கு அரை நாள் வேலை இருக்குமா?

நம் பக்கத்து வியாதி இதற்கு நேர் எதிர். இங்கே ஒற்றை நட்சத்திரம் என்பதே அபூர்வம், எல்லாம் ஐந்துதான். எழுதுகிறவர், வெளியிடுகிறவர், கூட்டத்தில் பேசுகிறவர், கேட்கிறவர் எல்லோரும் ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள். க.நா.சு. நல்ல எழுத்தாளர்கள் என்று பட்டியல் போட்டுவிட்டு வாங்கிய வசவு கொஞ்சமா? பட்டியலில் பெயர் இல்லாதவர்கள் எத்தனை பேரோ, அத்தனை பேரும் பகை. அந்தத் துணிவு எல்லோருக்கும் வராது.

எனக்கும் ஒரு சின்னச் சோதனை வந்தது. நண்பர் ஒருவர், என்னைப் போல ஓய்வூதியக்காரர், சொந்தப் பணத்தில் 300 பிரதி நாவல் அச்சிட்டார். கிண்டிலிலும் ஏற்றினார். 'நீங்க படிச்சவர், நாலு வரி எழுதிப் போடுங்க' என்று கேட்டுக்கொண்டார். இரண்டு முறை படித்தேன். பழைய புதுச்சேரியில் சாராயக் கடையும் துறைமுகமும் வருகிற பகுதிகள் அருமை. அதில் ஒரு பொய் கிடையாது. காதல் கதையோ சினிமாவிலிருந்து இறங்கி வந்தது போல இருந்தது. இரண்டையும் அப்படியே எழுதி மூன்று நட்சத்திரம் போட்டேன், என் சொந்தப் பெயரில். மறுநாளிலிருந்து கடற்கரைச் சாலையில் மாலை நடைக்கு அவர் காந்தி சிலைக்கு அந்தப் பக்கம், நான் இந்தப் பக்கம். எட்டு மாதம். என் வீட்டுக்காரி, 'அஞ்சு போட்டா உங்க சொத்தா போயிடும்?' என்றாள். சொத்து போகாதுதான். ஆனால் துறைமுகப் பகுதி அருமை என்று நான் எழுதியதை அப்புறம் அவரே எப்படி நம்புவார்? ஐந்து போட்டவர்கள் பதினோரு பேர். அதில் எத்தனை பேர் துறைமுகம் வரைக்கும் போனார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

அந்தப் பக்கத்தைச் சமீபத்தில் மறுபடி பார்த்தேன். புனைபெயரில் யாரோ ஒருவர் எழுதியிருக்கிறார்: தன் அப்பா அந்தத் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர், அவர் சொன்னது போலவே இருக்கிறது, மற்றபடி காதல் கதையைத் தள்ளிவிட்டுப் படித்தேன் என்று. நான்கு நட்சத்திரம். அவர் யார் என்று எனக்குத் தெரியாது, நண்பருக்கும் தெரியாது.

இரண்டாவது நாவல் அச்சில் இருக்கிறதாம், இன்னொருவர் மூலம் கேள்விப்பட்டேன். இந்த முறை துறைமுகம் மட்டும்தானாம். இலவசப் பிரதியை எதிர்பார்க்கவில்லை, காசு கொடுத்தே வாங்கிக்கொள்கிறேன்.