பொழுது சாய்ந்த பிறகு யார் பார்ப்பது?

2025 நவம்பர் 10 அன்று திருச்சியில் ‘அன்புச்சோலை’ முதியோர் மையங்கள் தொடங்கிவைக்கப்பட்டதிலிருந்து, முதியோர் பராமரிப்பு பற்றி எங்கே பேச்செடுத்தாலும் ஒரே பதில்தான் வருகிறது: “அதான் அன்புச்சோலை வந்துடுச்சே.” ஓர் அதிகாரி சொன்னார். ஒரு கல்லூரிப் பேராசிரியர் சொன்னார். மருத்துவர் ஒருவரும் இதையே சொன்னபோது எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றிவிட்டது.

25 மையங்கள், 10 கோடி ரூபாய், பெரும்பாலும் மாநகராட்சிகளில். பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு பெரியவர்கள் வந்து, சாப்பிட்டு, நாலு பேரோடு பேசி, மாலையில் வீடு திரும்பலாம். நல்ல திட்டம், அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. ஆனால், மறதி நோய் என்று நாம் எளிதாகச் சொல்லிவிடும் டிமென்ஷியாவின் கொடுமை பகலோடு முடிவதில்லை. பொழுது சாயும்போதுதான் பலருக்கு அது முற்றுகிறது. இருட்டத் தொடங்கியதும் பதற்றம் கூடும். இருக்கும் வீடே வேறு யாருடைய வீடோ என்று தோன்றும். ‘வீட்டுக்குப் போகணும்’ என்று வாசலுக்கு நடப்பார்கள். சரியாக அந்த நேரத்தில்தான் பகல் மையத்தின் கதவு சாத்தப்படுகிறது.

விழுப்புரம் மாவட்டம் மரக்காணத்தில், உப்பளங்களை ஒட்டிய ஒரு குடியிருப்பில், மழைக்காலத்தில் ஒரு மாலையை நான் கழித்தேன். எழுபதைத் தாண்டிய அந்த அம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அளத்தில் வேலை பார்த்தவர். விளக்கு ஏற்றியதும் எழுந்தார். சுவரோரமாக, ஒரு குதிகாலுக்கு முன் மறு குதிகாலை வைத்து, சிமென்ட் தரையை அழுத்தி மிதித்தபடி நடந்தார். மூலைக்குப் போனதும் திரும்பி, ஒரு பாதம் தள்ளி, மறுபடி அதே நடை. எனக்கு முதலில் விளங்கவில்லை. “பாத்தி மிதிக்கிறாங்க சார்” என்றார் மருமகள். உப்பு விளைவிக்கும் முன்பு சேற்றுத் தரை இறுகுவதற்காக வரிசை வரிசையாகக் காலால் மிதிப்பார்களே, அந்த நடை. பேரனின் பெயர் போய்விட்டது, கணவர் இறந்ததும் போய்விட்டது, கால்களுக்கு மட்டும் பாத்தி மறக்கவில்லை. சோறு வைத்தால், தட்டில் அதை உள்ளங்கையால் இழுத்து இழுத்துக் கூம்பாகக் குவிக்கிறார். குவித்த பிறகு சாப்பிடுவதில்லை. உப்பு அம்பாரத்தை யாராவது தின்பார்களா?

அளத்து வேலை விடிவதற்கு முன்பே தொடங்கிவிடும். அதனால் அவர் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்து, “அளத்துக்கு நேரமாச்சு, எழுந்திருடி” என்று மருமகளை உலுக்குகிறார். இரண்டு முறை தனியே கிளம்பிப் போயிருக்கிறார். ஒருமுறை கிழக்குக் கடற்கரைச் சாலையில் லாரி ஓட்டுநர் ஒருவர் வண்டியை நிறுத்தி அழைத்துவந்து விட்டிருக்கிறார். இப்போது மருமகள் தன் முந்தானையை மாமியாரின் முந்தானையோடு முடிச்சுப் போட்டுக்கொண்டு தூங்குகிறார். வெளிப்பக்கம் புதிதாக ஒரு கொண்டி. ஏன் என்று நான் கேட்கவில்லை. அவரே சொன்னார்: “தை பொறந்தா நானும் வேலைக்குப் போவணும்ல சார்.”

இவர் ஒருவர்தான் இப்படி என்று எடுத்துக்கொள்ள முடியாது. 2023-இல் வெளியான ஆய்வொன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 விழுக்காட்டினருக்கு, அதாவது ஏறத்தாழ 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக மதிப்பிட்டது. ஆண்களைவிடப் பெண்களிடமும், நகரத்தைவிடக் கிராமத்திலும், படித்தவரைவிடப் படிக்காதவரிடமும் அது அதிகம். பெண், கிராமம், எழுத்தறிவின்மை மூன்றையும் சேர்த்துப் பாருங்கள், உப்பளத்துப் பெண் வந்து நிற்பார். 2021 கணிப்பின்படி தமிழகத்தில் நூற்றுக்கு 13.6 பேர் முதியோர். கேரளத்துக்கு அடுத்த இடம் நமக்கு. இந்த விகிதங்களை 21 லட்சம் மக்கள்தொகை கொண்ட விழுப்புரம் மாவட்டத்துக்குப் பொருத்தினால் 21 ஆயிரம் பேர் வருகிறது. துல்லியம் கோருபவர்கள் ஐந்தாயிரத்தைக் கழித்துக்கொள்ளட்டும். மிச்சமுள்ளவர்களுக்கு இந்த மாவட்டத்தில் என்ன ஏற்பாடு?

எப்போதும் நான் சொல்லும் ஒப்பீடு ஒன்று உண்டு. மரக்காணத்தை எழுதும்போது அதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சுமார் மூவாயிரம் ஏக்கரில் விளையும் இந்த உப்பு, உணவு உப்பாகக் கடைக்குப் போக வேண்டுமானால் அதில் அயோடின் சேர்த்திருக்க வேண்டும். உற்பத்தி இடத்தில் பத்து லட்சத்தில் 30 பங்குக்குக் குறையக் கூடாது, கடையில் 15 பங்குக்குக் குறையக் கூடாது. அயோடின் இல்லாத உப்பை நேரடி உணவுக்கு விற்பதற்கு 1998-இல் தடை வந்தது. 2000-இல் அதை எடுத்தார்கள். விளைவை யோசித்துப் பார்த்து, 2006 மே 17 முதல் மறுபடி கொண்டுவந்தார்கள். உப்புக்கென ஒரு ஆணையர், ஜெய்ப்பூரில் அவருக்குத் தலைமையகம், சென்னையில் மண்டல அலுவலகம், மாதிரி எடுக்க ஆட்கள், சோதிக்க ஆய்வுக்கூடம். எல்லாம் எதற்காக? தாயின் வயிற்றில் வளரும் குழந்தையின் மூளை குறைபடக் கூடாது என்பதற்காக. ஒரு கரண்டி உப்புக்குள் கண்ணுக்கே தெரியாத அளவில் இருக்கும் ஒரு பொருளை அரசு தேடிப் போய் அளக்கிறது. இந்த நாடு செய்த அருமையான பொதுச் சுகாதார வேலைகளில் அதுவும் ஒன்று என்பதை மனதாரச் சொல்கிறேன்.

அந்த உப்பை வாழ்நாள் முழுக்க வாரிய பெண்ணின் மூளை சுருங்கத் தொடங்கும்போது இந்த அக்கறை எங்கே போகிறது? பிறக்கப்போகும் மூளைக்குப் பத்து லட்சத்தில் ஒரு பங்குவரை கணக்குப் பார்க்கும் அரசிடம், தேய்ந்துபோகும் மூளைக்குத் தாலுகாவுக்கு ஒரு கட்டில்கூட இல்லை. உப்பும் மனிதரும் ஒன்றா என்று நண்பர்கள் கேட்பார்கள். ஒன்றில்லை என்பதால்தான் எனக்குக் கோபம் வருகிறது.

சட்டம் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம், 2007. அதன் 19-ஆம் பிரிவு, மாவட்டத்துக்குக் குறைந்தது ஒன்று என்ற கணக்கில், ஆதரவற்ற 150 முதியோர் தங்கும் இல்லங்களை மாநில அரசு ஏற்படுத்தலாம் என்கிறது. ஏற்படுத்த‘லாம்’. இந்த இரண்டெழுத்தில்தான் பதினெட்டு ஆண்டுகள் கரைந்துபோயின. அதே சட்டத்தின் 24-ஆம் பிரிவைப் படியுங்கள். தன் பராமரிப்பில் இருக்கும் முதியவரைக் கைவிடும் நோக்கத்தோடு எங்காவது விட்டுச்செல்பவருக்கு மூன்று மாதம் வரை சிறை, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அரசுக்கு ‘லாம்’, முந்தானையை முடிந்துகொண்டு தூங்கும் மருமகளுக்கு மட்டும் சிறை. இப்படி ஒரு சட்டத்தை எழுதிய கைகள் ஒருநாளாவது ஒரு மறதி நோயாளியின் ஈரத் துணியை மாற்றியிருக்குமா?

அரசு விலகி நின்ற இடத்தில் யார் வந்து உட்கார்ந்தார்கள் என்பதும் இதே மாவட்டத்துக்குத் தெரியும். 2023 பிப்ரவரியில் விக்கிரவாண்டியை அடுத்த குண்டலப்புலியூரில் அன்பு ஜோதி ஆசிரமம் பற்றிய செய்தி வந்தபோது நாடே அதிர்ந்தது. அங்கே சேர்க்கப்பட்ட முதியவர் ஒருவரைக் காணவில்லை என்று உறவினர் தரப்பு உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட்ட பிறகுதான் அதிகாரிகள் உள்ளே நுழைந்தார்கள். மனநலம் குன்றியோர், ஆதரவற்றோர், முதியோர் என 140-க்கும் மேற்பட்டோர் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். கட்டிவைத்து அடித்தது, பாலியல் வன்கொடுமை, ஆட்கள் காணாமல்போனது என்று குற்றச்சாட்டுகள் அடுக்கடுக்காக வந்தன. உரிய உரிமம் இல்லை என்றார்கள். வழக்கு சிபிசிஐடிக்குப் போனது. குற்றம் யாருடையது என்பதை நீதிமன்றம் சொல்லட்டும். நான் கேட்பது அதற்கு முந்தைய கேள்வி: அத்தனை பேர் அங்கே ஏன் போய்ச் சேர்ந்தார்கள்? தெருவில் அலைந்தவர்களைக் கொண்டுபோய் விட வேறு எந்தக் கதவும் திறந்திருக்கவில்லை என்பதால்தானே?

2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். 2018-இல் காஞ்சிபுரம் மாவட்டம் பாலேஸ்வரத்தில் ஒரு கருணை இல்லத்தின்மீது புகார்கள் கிளம்பி, அங்கிருந்த முதியோர் வெளியேற்றப்பட்டார்கள். பிறகு குண்டலப்புலியூர். ஒவ்வொரு முறையும் பூட்டுப் போடுகிறோம், வழக்குப் போடுகிறோம், மாற்று இடத்தை மட்டும் கட்டுவதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017 எந்த வடிவிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்கிறது. சங்கிலியை அவிழ்த்துவிட்டவரை எங்கே படுக்கவைப்பது? அதற்கு எந்த அதிகாரியிடமும் பதில் இல்லை.

‘நம் பண்பாட்டில் பெற்றோரை இல்லத்தில் விடுவதா?’ என்று ஒரு கூட்டம் கிளம்பிவரும். இவர்களோடு விவாதித்து நேரத்தைக் கழிக்க நான் தயாராக இல்லை. பண்பாடு என்று இவர்கள் சொல்வதன் முழுச் சுமையும் ஏதோ ஒரு மருமகளின், ஏதோ ஒரு மகளின் இடுப்பில்தான் இருக்கிறது. மேடையில் பேசுகிறவர் வீட்டிலும் அப்படித்தான். இன்னொரு தரப்பு, ‘மக்களைத் தேடி மருத்துவம்’ போதும் என்கிறது. ரத்த அழுத்த மாத்திரை வீடு தேடி வருவது பெரிய விஷயம். ஆனால், அதிகாலை மூன்று மணிக்கு வாசலை மறித்து நிற்க மாத்திரையால் முடியாது.

தனியார் இல்லங்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். சென்னையில் மறதி நோயாளிகளுக்கான இல்லங்களில் மாதக் கட்டணம் ஐந்து இலக்கத்தில் இருக்கிறது. இந்தப் பெண்மணிக்கு வரும் முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். அதிலும் ஒன்றிய அரசின் பங்கு, 80 வயதுக்குக் கீழ் இருப்பவர்களுக்கு, இன்றுவரை 200 ரூபாய்தான். மழைக்காலத்தில் உப்பளத் தொழிலாளர்களுக்கு மாநில அரசு தரும் 5,000 ரூபாய் நிவாரணம் இந்த வீட்டில் அரிசிக்கும் கடனுக்குமே சரியாகப் போகிறது.

என்ன செய்ய வேண்டும்? 150 பேர் தங்கும் பெரிய கட்டடம் வேண்டாம். மறதி நோயாளிக்கு நீண்ட தாழ்வாரமும் ஒரே மாதிரிக் கதவுகளும் நரகம். நெதர்லாந்தில் 2009-இல் கட்டிய ஹோகவே குடியிருப்பில் ஆறேழு பேருக்கு ஒரு வீடு, அதற்கொரு சமையலறை, நடந்து திரும்பச் சாலை என்று அமைத்தார்கள். அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். கேரளம் 2014-இலேயே மறதி நோய்க்கென மாநிலத் திட்டம் தொடங்கி, எர்ணாகுளம் மாவட்டம் எடவனக்காட்டில் முழுநேர இல்லத்தை நடத்தக் கைகொடுத்தது. ஒன்றிய அரசின் மூத்த குடிமக்கள் திட்டத்திலேயே டிமென்ஷியா இல்லத்துக்கு 20 பேர் இருந்தால் மானியம் உண்டு. அந்த இருபதுதான் சரியான எண். விழுப்புரம் மாவட்டத்தில் ஒன்பது வட்டங்கள். வட்டத்துக்கு ஒரு இருபது கட்டில் இல்லம். இருபத்தோராயிரம் பேருக்கு 180 கட்டில் போதுமா என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் கட்டில் தேவைப்படாது. முற்றிய நிலையில் இருப்பவருக்கும், பார்த்துக்கொள்ள ஆளே இல்லாதவருக்கும், அளத்தில் உப்பு வாரும் ஆறேழு மாதங்களுக்கு மட்டும் மாமியாரை விட்டுவைக்க நினைக்கும் மருமகளுக்கும் தேவைப்படும்.

மரக்காணத்து இல்லம் மரக்காணத்திலேயே இருக்க வேண்டும். திண்டிவனத்தில் கூடாது, விழுப்புரத்தில் கூடாது. உப்புக் காற்றின் வாசம் வர வேண்டும். பின்பக்கம் நாலு பாத்தி கட்டிவிடுங்கள், மிதிக்கட்டும். அங்கே வேலை பார்ப்பவர்களுக்கும் அளத்துப் பேச்சு தெரிந்திருக்க வேண்டும். ‘அளத்துக்கு நேரமாச்சு’ என்று அந்த அம்மாள் எழுந்தால், ‘இன்னிக்கு மழ, வேல இல்ல, படு ஆயா’ என்று சொல்லத் தெரிந்த உள்ளூர்ப் பெண்ணைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுங்கள். மழைக்காலத்தில் வேலையில்லாமல் உட்கார்ந்திருக்கும் பெண்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர்.

இதை அரசே நடத்த வேண்டும். அறக்கட்டளை, ஆசிரமம், தனியார் என்று யாருக்கும் இனி மறதி நோயாளிகளுக்கான இல்லம் நடத்த உரிமம் தரக் கூடாது. இருப்பவற்றையும் அரசு எடுத்துக்கொள்ள வேண்டும். நல்லவர்கள் நடத்தும் இல்லங்களும் இதில் அடிபடும் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன். தன் பெயரையே சொல்லத் தெரியாத ஒருவரால் புகார் கொடுக்க முடியாது. அவருக்காக வாக்களித்த ஊர் கேள்வி கேட்கக்கூடிய இடத்தில்தான் அவர் இருக்க வேண்டும். 19-ஆம் பிரிவில் உள்ள ‘லாம்’ அடுத்த சட்டமன்றக் கூட்டத்தொடரிலேயே தமிழ்நாட்டைப் பொறுத்தவரை ‘வேண்டும்’ என்று திருத்தப்பட வேண்டும்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் இந்தக் கரையை அறைந்தபோது, பாதுகாப்பு மையத்துக்குப் போகலாம் என்று அழைத்தவர்களை அந்த அம்மாள் அடித்திருக்கிறார். அளம் மூழ்கிவிடும், கீற்று மூட வேண்டும் என்று கத்தியிருக்கிறார். மகனும் மருமகளும் அவரோடு வீட்டிலேயே இருந்துவிட்டார்கள். கூரையில் பாதி பறந்தது.

பொங்கல் முடிந்ததும் மேஸ்திரி ஆள் கூப்பிட வருவார். பாத்தி மிதிப்பதில்தான் பருவம் தொடங்கும். மருமகள் பெயர் கொடுத்துவிட்டார்.